பச்சைக் கூழ் யார் தலையில் விழுந்தது?

1986 அக்டோபர் 6ஆம் தேதி, நிக்கலோடியன் என்னும் அமெரிக்கக் கேபிள் அலைவரிசையில் 'டபுள் டேர்' என்ற சிறுவர் வினாடி வினா நிகழ்ச்சி தொடங்கியது. அதன் படப்பிடிப்பு நடந்த இடம் பிலடெல்பியா நகரின் டபிள்யூ.எச்.ஒய்.ஒய். என்ற பொது ஒளிபரப்பு நிலையம். கல்வியையும் பண்பாட்டையும் வளர்ப்பதற்காக ஏற்பட்ட அந்த நிலையத்தின் அரங்கில்தான் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் முட்டையையும் மாவையும் சாக்லேட் பாகையும் உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, வழுக்கி விழுந்து, மறுபடி எழுந்து ஓடினார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளிலும் சிறுவர் தொலைக்காட்சியின் அடையாளமாகவே இந்த அழுக்கு ஆகிவிட்டது. கேள்வி கேட்கும் நிகழ்ச்சி, ஓடிப் பிடிக்கும் நிகழ்ச்சி, பரிசு வெல்லும் நிகழ்ச்சி என்று பெயர் எதுவானாலும், முடிவில் யாரோ ஒருவர் தலையிலிருந்து கால்வரை நிறக் கூழில் ஊறி நின்றார்.

இவற்றைச் சத்தமும் குப்பையும் நிறைந்த கூத்து என்று அன்றைய பெரியவர்கள் ஒதுக்கினார்கள். இன்றோ, அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இனிய நினைவாக மட்டுமே பேசுகிறார்கள். இரண்டு பார்வையிலும் விடுபட்டுப்போவது, இந்த நிகழ்ச்சிகளில் இருந்த கறாரான ஒழுங்கு. கூழ் யார் தலையில் விழ வேண்டும், எந்தக் காரணத்துக்காக விழ வேண்டும், அதை முடிவு செய்பவர் யார் என்பவற்றை ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனக்கென்று ஒரு சட்டமாகவே வகுத்து வைத்திருந்தது. கனடாவின் ஒட்டாவாவிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் பிரிட்டனின் லண்டனிலும் அந்தச் சட்டம் வேறுவேறாக இருந்தது. அந்த வேறுபாட்டைப் பின்தொடர்ந்தால், பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான உறவை அந்தந்த நாட்டுத் தொலைக்காட்சி எப்படிக் கற்பனை செய்தது என்பது புலப்படும்.

முகத்தில் கிரீம் பையை (தட்டில் கிரீம் நிரப்பிய 'pie' என்னும் பண்டத்தை) அப்பும் நகைச்சுவை ஊமைப் படக் காலத்துச் சரக்கு. போட்டி நிகழ்ச்சியோடு அதை இணைத்த மரபும் பழையதுதான். ரால்ஃப் எட்வர்ட்ஸ் 1940இல் அமெரிக்க வானொலியில் தொடங்கிய 'ட்ரூத் ஆர் கான்சீக்வென்சஸ்' நிகழ்ச்சியில், எளிதில் விடை சொல்ல முடியாத ஒரு கேள்வியை வேண்டுமென்றே கேட்பார்கள். விடை சொல்லத் தவறியவர் ஏதாவது கோமாளித்தனத்தைச் செய்தாக வேண்டும். (அந்த நிகழ்ச்சி அவ்வளவு புகழ்பெற்றிருந்ததால், நியூ மெக்சிகோவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் 1950இல் தன் பெயரையே அந்த நிகழ்ச்சியின் பெயராக மாற்றிக்கொண்டது.) அதே 1950இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்த 'பீட் தி கிளாக்' நிகழ்ச்சியில், கடிகாரம் ஓடி முடிவதற்குள் பலூனோடும் கிரீமோடும் மல்லுக்கட்டி ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டியிருந்தது. விடை தெரியாததற்குத் தண்டனை, கடிகாரத்தோடு போட்டி ஆகிய இரண்டு அம்சங்களும் பிற்காலச் சிறுவர் நிகழ்ச்சிகளின் எலும்புக்கூடாக அப்படியே வந்து சேர்ந்தன. ஆனால் அந்தப் பழைய நிகழ்ச்சிகளில் கோமாளியானவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே. பிள்ளைகளின் கைக்கு இந்த விளையாட்டு வந்தது கனடாவில்தான்.

1979இல் ஒட்டாவாவின் சி.ஜே.ஓ.எச். நிலையத்தில் ரோஜர் பிரைஸ் என்பவர் 'யூ கான்ட் டூ தட் ஆன் டெலிவிஷன்' என்ற சிறுவர் நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொடங்கினார். பிரைஸ் பிரிட்டனிலிருந்து வந்தவர்; அங்கே சிறுவர் நிகழ்ச்சிகளைத் தயாரித்த அனுபவம் உள்ளவர். அவருடைய நிகழ்ச்சியில் யாராவது "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டால், மேலேயிருந்து பச்சை நிறக் கூழ் கொட்டும். "தண்ணீர்" என்று சொன்னால் ஒரு வாளித் தண்ணீர் கொட்டும். ஆகவே ஒருவர் மற்றவரை அந்தச் சொல்லைச் சொல்லவைக்கச் சூழ்ச்சி செய்வதே நிகழ்ச்சியின் நிரந்தர வேடிக்கையாக இருந்தது. அந்தப் பச்சை நிறம் பிறந்ததற்கும் ஒரு கதை சொல்லப்படுகிறது. ஒரு காட்சிக்காக மீந்த உணவை வாளியில் சேர்த்து வைத்திருந்தார்கள்; படப்பிடிப்பு தள்ளிப்போனது; அதற்குள் அது பூசணம் பூத்துப் பச்சையாகிவிட்டது; அதையே எடுத்து ஊற்றினார்கள். பின்னர் முறையான தயாரிப்பு வந்தது. பச்சை ஜெலட்டின் பொடி, மாவு, தண்ணீர் ஆகியவற்றைக் கரைத்த அந்தக் கலவை தலைமுடியில் பசைபோல ஒட்டிக்கொண்டதால், எளிதில் அலச வசதியாகக் குழந்தைகளுக்கான ஷாம்பூவையும் பிறகு சேர்த்தார்கள்.

இந்த நிகழ்ச்சியின் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மிக அதிகமாகச் சொல்லும் வாக்கியம் எதுவோ, அதற்குத்தான் இங்கே தண்டனை. தண்டனை தருபவர் கண்ணில் படுவதில்லை. காரணம் கேட்கவும் முடியாது. ஆசிரியரும் தந்தையும் சமையற்காரரும் மடையர்களாகவோ கொடியவர்களாகவோ வந்துபோகும் அந்த நிகழ்ச்சியில், பச்சைக் கூழ் பெரியவர்கள் உலகத்தின் அர்த்தமற்ற நீதியைக் கேலி செய்யும் ஒரு கருவியாக இருந்தது. தண்டிக்கப்பட்டவர் பிள்ளைதான், ஆனால் சிரிப்பு தண்டனையைப் பார்த்து எழுந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தக் கனடிய நிகழ்ச்சியை வாங்கி ஒளிபரப்பிய நிக்கலோடியன் அப்போது தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த ஒரு சிறு அலைவரிசை. 1979 ஏப்ரலில் தொடங்கிய அது, முதல் சில ஆண்டுகள் விளம்பரமே இல்லாமல், பிள்ளைகளுக்கு நல்லது என்று பெற்றோர் கருதும் நிகழ்ச்சிகளைத் தந்தது. பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. எண்பதுகளின் நடுவில் பார்வையாளர் எண்ணிக்கையில் கடைசி வரிசையில் கிடந்த அந்த அலைவரிசையை ஜெரால்டின் லேபோர்ன் தலைமையிலான குழு மாற்றியமைத்தது. ஃப்ரெட் சைபர்ட்டும் ஆலன் குட்மனும் அதற்குப் புதிய தோற்றம் கொடுத்தார்கள். சிந்திய வண்ணக் கறைபோல வடிவம் மாறிக்கொண்டே இருக்கும் ஆரஞ்சு நிறச் சின்னம் அந்த மாற்றத்தில் பிறந்ததுதான்.

போட்டி நிகழ்ச்சியை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குப் பணக் கணக்கும் ஒரு காரணம். அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1984இல் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கிடையே வரும் விளம்பரங்களுக்கான வரம்புகளை நீக்கியது. அதையொட்டிப் பெரிய அலைவரிசைகளிலும் உள்ளூர் நிலையங்களிலும், பொம்மை நிறுவனங்களின் சரக்கையே கதைமாந்தர்களாகக் கொண்ட கார்ட்டூன்கள் பெருகின. அவற்றுக்குப் பின்னால் பொம்மை விற்பனையின் முதலீடு இருந்தது. கேபிளில் இருந்த சிறிய அலைவரிசைக்கு அந்தப் பலம் கிடையாது. ஓர் அரங்கம், ஒரு தொகுப்பாளர், நான்கு பிள்ளைகள், கொஞ்சம் மாவும் பாலும் இருந்தால் ஒரே நாளில் பல பகுதிகளைப் படம்பிடித்து, வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பிவிடலாம். கைவசம் இருந்த மலிவான கவர்ச்சி அழுக்கு ஒன்றுதான் என்று சொன்னால் மிகையாகாது. டபுள் டேரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெஃப்ரி டார்பி, ஒட்டாவா நிகழ்ச்சியில் பணியாற்றிவிட்டு வந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கூழ் எந்த வழியாகப் பயணம் செய்தது என்பது தெளிவாகும்.

ஆனால் பிலடெல்பியாவில் அதன் சட்டம் தலைகீழானது. டபுள் டேரில் இருவர் கொண்ட இரண்டு அணிகள், ஒன்று சிவப்பு, மற்றொன்று நீலம். முதல் சுற்றில் ஒரு கேள்வியின் தொடக்க மதிப்பு பத்து டாலர். விடை தெரியாவிட்டால், அல்லது எதிரணிக்குத் தெரியாது என்று தோன்றினால், "முடிந்தால் நீங்கள் சொல்லுங்கள்" என்று எதிரணிக்குச் சவால் விடலாம்; மதிப்பு இரட்டிப்பாகும். எதிரணி அதைத் திருப்பிச் சவாலாக விட்டால் மதிப்பு நான்கு மடங்காகும். இப்போது கேள்வி முதல் அணியிடமே திரும்பி வந்துவிட்டது. இனித் தப்பிக்க இடமில்லை. ஒன்று விடை சொல்ல வேண்டும், இல்லையென்றால் உடல்சவால் என்ற விளையாட்டை ஏற்க வேண்டும். இருபது, முப்பது விநாடிக்குள் தலையில் கட்டிய கிண்ணத்தில் முட்டைகளைப் பிடிப்பது, கூழ் நிறைந்த காற்சட்டையோடு ஓடுவது போன்ற ஏதோ ஒன்றைச் செய்து முடித்தால் பணம் அந்த அணிக்கு, தவறினால் எதிரணிக்கு.

இந்த அமைப்பின் நுட்பம் சாதாரணமானதல்ல. அறியாமைக்கு இங்கே தண்டனை இல்லை, மாற்று வழி இருந்தது. படித்த பிள்ளை விடை சொல்லி வெல்லலாம். படிக்காத பிள்ளை துணிச்சலால் வெல்லலாம். இரண்டும் தெரிந்த பிள்ளை, விடை தெரிந்தும் தெரியாததுபோல நடித்து, மதிப்பை நான்கு மடங்காக்கி, பிறகு நிதானமாக விடை சொல்லலாம். ஒட்டாவாவில் "எனக்குத் தெரியாது" என்பது மாட்டிக்கொள்ளும் வாக்கியம். பிலடெல்பியாவில் அதுவே ஆட்டத்தின் ஒரு நகர்வு. அழுக்காவது பிள்ளையே எடுக்கும் முடிவாக மாறியபோது, அதில் இருந்த அவமானம் மறைந்துவிட்டது. அமெரிக்கப் பள்ளிகள் தேர்வு மதிப்பெண்ணைப் பற்றி மேலும் மேலும் கவலைப்படத் தொடங்கியிருந்த எண்பதுகளில், ஒரு வினாடி வினா நிகழ்ச்சி இப்படிச் சொன்னது தற்செயலாக இருக்கலாம். பிள்ளைகள் அதைப் புரிந்துகொள்ளாமல் இருந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அதிகப் பணம் சேர்த்த அணி இறுதியில் தடை ஓட்டத்துக்குப் போகும். அறுபது விநாடிக்குள் எட்டுத் தடைகள். ஒவ்வொன்றிலும் ஒளிந்திருக்கும் ஆரஞ்சு நிறக் கொடியை எடுத்து, அடுத்த தடையில் காத்திருக்கும் கூட்டாளியிடம் கொடுத்த பிறகே அவர் தொடங்க முடியும். ஒவ்வொரு தடைக்கும் ஒரு பரிசு. எட்டையும் முடித்தால் ஹன்ட்ஸ்வில் நகரின் விண்வெளி முகாமுக்குப் பயணம் போன்ற பெரும்பரிசு. நம் ஊர்த் திருவிழாக்களில் எண்ணெய் பூசிய வழுக்கு மரத்தில் ஏறுபவர்மீது சுற்றி நிற்பவர்கள் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்களே, அங்கே நடப்பதுதான் இங்கும் நடந்தது. வழுக்கல் இல்லையென்றால் அது வெறும் ஏற்றம். வழுக்கல் இருப்பதால்தான் வலிமையானவனும் எளியவனும் ஒரே நிலைக்கு வருகிறார்கள். கூழும் பாகும் அழகுக்காக ஊற்றப்பட்டவை அல்ல. உயரமான, வேகமான பிள்ளையின் சாதகத்தைப் பறித்து, முடிவை முன்கூட்டியே ஊகிக்க முடியாததாக்கும் வேலையை அவை செய்தன. மூன்றாவது தடையில் பத்து விநாடி வீணான அணியும் எட்டாவது தடையில் ஜெயிக்க வாய்ப்பிருந்தது.

தடைகளின் உருவங்களையும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஆளுயரத்துக்கும் மேற்பட்ட ஒரு மூக்கு; அதற்குள் கையை விட்டுப் பச்சைச் சளியைத் துழாவிக் கொடியை எடுக்க வேண்டும். சாக்லேட் பூசிய சறுக்கு. அதில் ஏறி மறுபக்கம் சறுக்க வேண்டும். உள்ளே நுழைந்து ஓட வேண்டிய பெரிய வெள்ளெலிச் சக்கரம். உருண்டைகள் நிறைந்த மிகப் பெரிய சூயிங்கம் இயந்திரம். இந்தப் பொருள்கள் ஏறத்தாழ இரண்டே வகைக்குள் அடங்கிவிடுகின்றன: உணவு, அல்லது உடம்பின் துவாரம். மேசையருகே அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் பெரியவர்கள் ஓயாமல் சொல்வனவும் இவற்றைப் பற்றியவையே: சாப்பாட்டை வைத்து விளையாடாதே, மூக்கை நோண்டாதே, கீழே சிந்தாதே. அரங்க வடிவமைப்பாளர் பைரன் டெய்லர் இந்த மூன்று தடைகளையும் மாடியுயரத்துக்குப் பெரிதாக்கிக் கட்டி, அவற்றை மீறுபவருக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் ஒரே கூழில், ஒரே அளவுக்குப் புரண்டார்கள் என்பதும் அக்காலத்தில் சிறிய செய்தியல்ல; பொம்மைக் கார்ட்டூன்கள் அப்போது ஆண் குழந்தைக்கு ஆயுதம், பெண் குழந்தைக்குச் சீப்பு என்று சந்தையைப் பிரித்துக்கொண்டிருந்தன.

திரையில் தெரிந்த குழப்பத்துக்குப் பின்னால் இருந்த ஏற்பாடுகள் கறாரானவை. போட்டியாளர்கள் தலைக்கவசமும், முழங்கால், முழங்கைப் பட்டைகளும் அணிந்தார்கள். ஊற்றப்பட்டவை பெரும்பாலும் வாய்க்குள் போனாலும் கெடுதல் செய்யாதவை. நிக்கலோடியனின் பச்சைக் கூழ் வெனிலா புட்டிங், ஆப்பிள் கூழ், ஓட்ஸ், பச்சைச் சாயம் ஆகியவற்றால் ஆனது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அரங்கத்தைக் கழுவித் துடைத்து, அதே இடத்தில் அதே அளவு அழுக்கை மறுபடி ஊற்ற வேண்டும். இல்லையென்றால் அடுத்த அணிக்கு அநீதியாகிவிடும். முட்டையும் பாலும் சூடான விளக்குகளின் கீழ் மாலைக்குள் என்ன மணம் தரும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் தொகுப்பாளர் மார்க் சம்மர்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேஜிக் நிபுணராகவும் மேடை நகைச்சுவையாளராகவும் இருந்து தொகுப்பாளரான அவர், தாம் ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயால் சிறுவயது முதல் அவதிப்பட்டதைத் தொண்ணூறுகளின் நடுவில் வெளிப்படையாகச் சொன்னார். 1999இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். ஒழுங்கும் தூய்மையும் சிறிது குலைந்தாலும் மனம் தவிக்கும் ஒருவர், அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிக அழுக்கான அரங்கத்தில் கோட்டும் டையுமாக ஆண்டுக்கணக்கில் நின்று, பல நாள் முகத்தில் கிரீம் பையையும் வாங்கிக்கொண்டார். இதைப் பெரும்பாலானவர்கள் ஒரு வேடிக்கையான முரணாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது நிகழ்ச்சியின் இயல்பையே விளக்குவதாகப் படுகிறது. விதிகளைத் தெளிவாகச் சொல்லி, நொடிக்கணக்கைப் பிசகாமல் நடத்தி, பிள்ளைகளைப் பெரியவர்களைப்போல மதித்துப் பேசும் ஒருவர் நடுவில் இருந்ததால்தான் அங்கே குழப்பம் விளையாட்டாக இருந்தது. தொகுப்பாளரும் கோமாளியாக இருந்திருந்தால் அது வெறும் கலவரம்.

எளிதில் ஜீரணிக்க முடியாத ஒன்று உணவு. எத்தியோப்பியப் பஞ்சத்தின் படங்கள் 1984 அக்டோபரில் உலகத் தொலைக்காட்சிகளில் வந்தன. 1985 ஜூலையில் லண்டனிலும் அதே பிலடெல்பியாவிலும் 'லைவ் எய்ட்' நிதி திரட்டும் இசை நிகழ்ச்சி நடந்தது. அடுத்த ஆண்டே அந்த நகரத்தின் ஓர் அரங்கத்தில் புட்டிங்கும் முட்டையும் வாளி வாளியாகத் தரையில் கொட்டப்பட்டன. சிந்திய பருக்கையைப் பொறுக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு, எவ்வளவு சிரித்தாலும், அந்தக் காட்சி உள்ளுக்குள் உறுத்தும். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மிகுதியான உணவு இருக்கும் நாட்டில்தான் உணவு இப்படி வேடிக்கைப் பொருளாக முடியும் என்ற உண்மையை மறைக்கவும் முடியாது.

தொண்ணூறுகளில் அழுக்கு ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1990 ஜூனில் புளோரிடாவின் ஓர்லாண்டோ நகரில் யூனிவர்சல் பூங்காவோடு சேர்ந்து நிக்கலோடியன் ஸ்டூடியோவும் திறக்கப்பட்டது. வாசலில் பச்சைக் கூழைப் பீறிட்டடிக்கும் ஊற்று ஒன்று நின்றது. பூங்காவுக்கு வந்த குடும்பங்கள் பார்வையாளர்களாக அமர்ந்தன. தேர்வான பிள்ளைகள் போட்டியாளர்களாகவும் ஆனார்கள். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் ஓர் அணியாக ஆடும் 'ஃபேமிலி டபுள் டேர்' 1990 முதல் அங்கேதான் படமாக்கப்பட்டது. சம்மர்ஸே நடத்திய 'வாட் வுட் யூ டூ?' (1991) பார்வையாளர்களையே கிரீம் பைகளுக்கு இரையாக்கியது. 'கட்ஸ்', 'லெஜண்ட்ஸ் ஆஃப் தி ஹிடன் டெம்பிள்' போன்றவை அழுக்கைக் குறைத்து உடற்பயிற்சியையும் சாகசத்தையும் முன்வைத்தன. அவற்றின் கதை வேறு. டபுள் டேர் அரங்கத்தில் கூழைக் குறிக்கப் புழங்கிய 'கேக்' (Gak) என்ற பெயரில் மேட்டல் நிறுவனம் பிசுபிசுப்பான ஒரு பொம்மையை விற்கத் தொடங்கியபோது, பொம்மைக் கார்ட்டூன்களுக்கு மாற்றாகப் பிறந்த நிகழ்ச்சியும் பொம்மையாகி முடிந்தது.

பிரிட்டன் இதே அழுக்கை வேறு கோணத்தில் பிடித்துக்கொண்டது. அங்கே 1974இல் பர்மிங்காமின் ஏ.டி.வி. நிலையம் தொடங்கிய 'டிஸ்வாஸ்' என்ற சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியில், கூண்டுக்குள் நின்று தண்ணீரில் நனையப் பெரியவர்கள் தாமாகவே முன்வந்தார்கள்; முகமூடி அணிந்த ஒருவர் கண்ணில் பட்டவர் முகத்திலெல்லாம் கிரீம் பையை அப்பினார். அழுக்காக வேண்டியவர்கள் பெரியவர்கள் என்ற எண்ணம் அங்கே வேரூன்றிவிட்டது. பி.பி.சி. 1991இல் தொடங்கிய 'கெட் யுவர் ஓன் பேக்' அதை ஒரு நீதிமன்றமாகவே ஆக்கியது. டேவ் பென்சன் பிலிப்ஸ் நடத்திய அந்த நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் தனியாக வருவதில்லை. தங்களுக்கு அநீதி செய்த ஒரு பெரியவரையும் அழைத்து வருவார்கள். தாயோ தந்தையோ ஆசிரியரோ அங்கே குற்றவாளி. நண்பர்கள் முன்னால் மானத்தை வாங்கியது போன்றவை குற்றங்கள். போட்டிகள் பிள்ளைகளுக்குச் சாதகமாகவே அமைக்கப்பட்டிருந்தன. வென்ற பிள்ளையின் பெரியவர் ஓர் இருக்கையில் அமர்த்தப்படுவார். விடை தவறும்போதெல்லாம் அந்த இருக்கை மேலேறும். முடிவில் கூழில் போய் விழுவார். விடை சொல்லும் வாய்ப்பு இருந்ததே தவிர, தப்பிக்கும் வாய்ப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

ஒட்டாவாவில் பிள்ளைக்குக் கிடைத்த காரணமற்ற நீதி, இங்கே அப்படியே பெரியவருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் பிரம்படியை ஒழிக்கும் சட்டத்தைப் பிரிட்டன் நாடாளுமன்றம் 1986இல் நிறைவேற்றியது; 1987இல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, தேசத்தின் பொது ஒளிபரப்பு நிறுவனத்தில், ஒரு மாணவி தன் ஆசிரியரைக் கூழில் தள்ளலாம் என்ற நிலை வந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடிக்கும் உரிமையை ஆசிரியர் இழந்திராத காலத்தில் இந்த நகைச்சுவை இவ்வளவு இலகுவாக வந்திருக்குமா என்பது சந்தேகமே. சிரித்துக்கொண்டே விழும் ஆசிரியரிடம், மறுநாள் வகுப்பில் பழிவாங்கப்படுவோம் என்ற அச்சமில்லாத பிள்ளையே இதை விளையாட முடியும்.

கூழின் செய்முறையிலும் பிரிட்டன் வேறு வழியைப் பிடித்தது. அங்கே பரவலாகப் பயன்பட்டது, பெயின்ட்டையும் ஷாம்பூவையும் கெட்டியாக்கச் சேர்க்கப்படும் நேட்ரோசால் என்ற செல்லுலோஸ் தூள். தண்ணீரில் கரைத்துச் சாயம் சேர்த்தால் தொட்டி தொட்டியாகப் பளபளக்கும் கூழ் கிடைக்கும். உணவை வீணாக்கும் உறுத்தலும் குறையும். பள்ளி விழாக்களில் நன்கொடை திரட்ட, தலைமையாசிரியர் தலையில் கூழ் ஊற்றும் வழக்கம் இக்காலத்தில் பரவியது. நோயல் எட்மண்ட்ஸ் நடத்திய 'நோயல்ஸ் ஹவுஸ் பார்ட்டி' (1991 முதல் 1999 வரை) கூழ்த்தொட்டியைச் சனிக்கிழமை மாலைக்கே கொண்டுவந்தது. கிளாஸ்கோவில் ஸ்காட்டிஷ் டெலிவிஷன் தயாரித்த 'ஃபன் ஹவுஸ்' 1989 முதல் 1999 வரை ஓடியது. அமெரிக்க நிகழ்ச்சியொன்றின் பிரிட்டிஷ் வடிவமான அதில், ஓர் ஆண்பிள்ளையும் ஒரு பெண்பிள்ளையும் சேர்ந்த அணிகள் கூழ் விளையாட்டு, சிறிய கார்ப் பந்தயம் ஆகியவற்றைத் தாண்டிப் பரிசு வீட்டுக்குள் நுழைந்தன. தொகுப்பாளர் பேட் ஷார்ப்பின் நீண்ட பின்னந்தலைமுடி அந்த நிகழ்ச்சியின் பரிசுகளைவிட அதிகமாக நினைவுகூரப்படுகிறது.

அழுக்கின் மீதான எதிர்ப்பு நாடாளுமன்றம்வரை போனது சற்றுத் தாமதமாகத்தான். 'டிக் அண்ட் டாம் இன் டா பங்களோ' என்ற பி.பி.சி. நிகழ்ச்சி 2002இல் தொடங்கி, பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவும் பெற்ற பிறகு, 2005இல் பழமைவாதக் கட்சி உறுப்பினர் பீட்டர் லஃப் மக்களவையில் அதன் தரத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். பி.பி.சி.யை நடத்த உரிமக் கட்டணம் செலுத்தும் மக்களின் பணம் இதற்கா என்பதே அவருடைய வாதத்தின் சாரம். அந்தப் பேச்சு நிகழ்ச்சிக்கு நல்ல விளம்பரமாகவே அமைந்தது. பெரியவர்கள் முகம் சுளிப்பதை நம்பி உருவான ஒரு வகைக்கு நாடாளுமன்ற உறுப்பினரின் முகச்சுளிப்பைவிட மேலான பாராட்டு வேறென்ன இருக்க முடியும்?

இந்த நிகழ்ச்சிகளை மங்கச் செய்தது எதிர்ப்பு அல்ல. நிக்கலோடியனில் கூழ் மெல்ல மெல்லப் புகழ்பெற்றவர்களுக்கான மரியாதையாகிவிட்டது. பிள்ளைகள் வாக்களிக்கும் அதன் விருது விழாவில் திரைநட்சத்திரங்களும் பாடகர்களும் கூழில் குளிக்கக் காத்திருந்தார்கள்; யார்மீது கொட்டப்படுகிறதோ அவரே அன்றைய நாயகர். தண்டனையாகத் தொடங்கியது பட்டமாக முடிந்ததும், எதிர்பாராமல் விழும் என்ற திகில் போய்விட்டது. இன்னொரு பக்கம் 1991 ஆகஸ்ட்டில் அதே அலைவரிசை தொடங்கிய சொந்தக் கார்ட்டூன்கள், போட்டி நிகழ்ச்சிகளால் ஒருபோதும் தர முடியாத வருமானத்தைத் தந்தன. ஒரு போட்டியின் முடிவு தெரிந்துவிட்டால் மறுஒளிபரப்புக்கு மதிப்புக் குறைவு. கார்ட்டூனைப் பிள்ளைகள் நூறு முறை பார்ப்பார்கள். ஓர்லாண்டோ ஸ்டூடியோ 2005இல் மூடப்பட்டது. டபுள் டேர் 2000இலும் 2018இலும் புதிய வடிவில் வந்தது. பின்னதில் சம்மர்ஸும் இருந்தார். இரண்டு முறையும் அது நெடுநாள் நீடிக்கவில்லை.

எல்லை கடப்பதிலும் இந்த வகைக்குத் தடை இருந்தது. கார்ட்டூனுக்கு வேறு மொழியில் குரல் கொடுத்தால் போதும். ஒரு கேள்வி நிகழ்ச்சியில் உள்ளூர்ப் பள்ளிப் பாடம், உள்ளூர்ப் பிள்ளை, உள்ளூர் அரங்கம் எல்லாம் வேண்டும், ஒவ்வொரு நாட்டிலும் புதிதாகவே எடுக்க வேண்டும். பிரிட்டனால் அது முடிந்தது. டபுள் டேரின் பிரிட்டிஷ் வடிவத்தை பி.பி.சி. தன் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சிக்குள் வைத்து நடத்தியது. நிக்கலோடியன் 1999இல் இந்தியாவுக்கு வந்தபோது, அந்த அலைவரிசையை உருவாக்கிய கூழ் அரங்கங்கள் கூடவே வந்து வேரூன்றவில்லை. நிலைத்தவை குரல் மாற்றப்பட்ட கார்ட்டூன்களும், 2012இல் தொடங்கிய 'மோட்டு பட்லு' போல இங்கேயே வரையப்பட்டவையும்தான். ஆரஞ்சு நிறச் சின்னத்தை நன்கு அறிந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மார்க் சம்மர்ஸ் யாரென்று தெரியாமல் இருப்பதற்கு இந்த வணிகக் கணக்கே காரணம்.